சீனிக்கு ஒரு தேதி

தேதியை நீங்கதான் சொல்லணும் என்கிறார்
டாக்டர் பெரியநாயகி.
ஊசி என் வேலை, நாள் உங்க வேலை.
சொல்லிவிட்டு ஸ்கூட்டியை முறுக்கி
தேவகோட்டைப் பக்கம் போயே போய்விட்டார்.

எங்கள் வீட்டில் ராகுகாலம் பார்ப்பதில்லை.
காலண்டர் தொங்குவது குதிரைக்காக.
முகூர்த்த நாளுக்கெல்லாம் சிவப்பு வட்டம்.
பள்ளத்தூர், கண்டனூர், கோட்டையூர்,
எந்த வீட்டு மாப்பிள்ளை, எத்தனை மணிக்கு அழைப்பு,
அட்வான்ஸ் வந்ததா.
இருபத்திரண்டு வருஷம்
சீனி உழைத்ததெல்லாம் நல்ல நாளில்தான்.
அஷ்டமி நவமி அவளுக்கு லீவு.

வேட்டுக்கு மிரண்டதில்லை.
சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை
அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு
கோயிலிலிருந்து வீடுவரை கண்ணே திறக்கவில்லை.
அவள்தான் அவரைக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போனாள்.
ட்ரோன் மட்டும் பிடிக்காது.

இப்போது புல்லை மென்று
உருண்டையாகத் துப்பிவிடுகிறாள்.
ஊறவைத்த தவிடும் வெல்லமும்தான் இறங்குகிறது.
முன்னங்கால்களை
சுடுமணலில் நிற்பவள் மாதிரி
மாற்றி மாற்றி வைக்கிறாள், நிழலிலேயே.

நல்ல நாளுக்கு ஒரு டிக், கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல்
என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார்.
பேனா என் கையில்.
எழுந்திருக்கவே இல்லை, ஆனால்
வாளிச் சத்தத்துக்குக் கனைத்தாள்: டிக்.
தின்னவில்லை, ஆனால்
என் தோளில் மூக்கைத் தேய்த்தாள்: டிக்.
ஐப்பசி முழுக்கப் பரீட்சையில் பாஸ்.

அல்லா எடுத்துக்குவான், நீ ஏன் முந்துறே
என்றார் நத்தர்ஷா.
ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு
சுவரோரம் விழுந்து அவளால் புரளக்கூட முடியவில்லை.
சாமியானாக் கயிற்றைக் கொடுத்து ஆறு பேர் தூக்கினோம்.
விடியும்வரை அவள் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குழி முதலில் வேண்டுமாம்.
செம்பறைப் பூமி, கடப்பாரை துள்ளிவரும்.
மழைக்கு முன்னாடின்னா வர்றேன் என்றான்
ஜேசிபி சோலைமலை.
வியாழக்கிழமை வந்தான். ஒன்பது அடி.
செப்டிக் டேங்கா அக்கா?
ஆமாம் என்றேன்.
சீனி பக்கத்தில் நின்று
பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் மழை.
மழைக்குப் பிறகு பதினோரு நாள் வரிசையாக டிக்.
நான் கூட்டிப் போடவில்லை, நிஜமான டிக்.
தோண்டிப்போட்ட மண்மேட்டில்
பால்போல் இளம்புல் முளைத்தது.
நொண்டி நொண்டிப் போய்
அவள் குழியின் விளிம்பில் நின்று
பல்லில்லாத வாயால் அதை மேய்கிறாள்.

டாக்டரை இரண்டு முறை வரச்சொல்லி
இரண்டு முறை வேண்டாம் என்றேன்.
நல்ல நாளில் இன்றைக்கு ஏன் என்று தோன்றுகிறது.
கெட்ட நாளில் டாக்டர் எங்கோ மாட்டு முகாமில் இருக்கிறார்.
உண்மையைச் சொன்னால்
நான் காத்திருப்பது ஒரு கெட்ட நாளுக்காக.
பார்த்தீர்களா, வேறு வழியில்லை என்று
யாரிடமாவது சொல்வதற்காக.
எனக்கு வேண்டியது உறுதி.
அதற்கு விலையை வலியாக
அவள் கட்டவேண்டும்.

இன்று காலை போன் செய்தேன்.
மோசமா? என்றார்.
இல்லை, வெல்லம் கேட்டுக் காலைத் தட்டினாள்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
சரி, நாளைக்கு, என்றார்.
தின்று முடிக்கட்டும், அப்புறம் வாங்க என்றேன்.

காலண்டரைப் பார்த்தேன்.
நாளைக்கு அஷ்டமி.

குழியில் இடுப்பளவு மழைத்தண்ணீர்.
நத்தர்ஷா பக்கத்துத் தோட்டத்து மோட்டாரை வாங்கிவந்து
ஒன்றும் பேசாமல் இறைத்துக்கொண்டிருக்கிறார்.
சீனி ஒரு காதை மட்டும்
அந்தச் சத்தத்தின் பக்கம் திருப்புகிறாள்.
ட்ரோன் என்று நினைத்தாளோ என்னவோ.